காக்கா தொடாத சோறு

ஒரு ஊர்ல ஒரு மூக்கு இருந்துச்சு.

சிரிக்காத. சிரிச்சா தூக்கம் போயிரும், அப்புறம் சித்திக்கு காலையில அஞ்சரை பஸ்ஸும் போயிரும். கால நீட்டு, கண்ண மூடு. காது மட்டும் தொறந்து இருக்கட்டும். ம் கொட்டணும், கேட்டியா? நீ நிறுத்துனா நானும் நிறுத்திருவேன்.

"ம்."

ஆங். அந்த மூக்குக்குப் பின்னால ஒரு பொம்பள இருந்தா. உலகம்மைன்னு பேரு. தெருவுல எல்லாரும் உலகு, உலகுன்னுதான் கூப்பிடுவாங்க. அவ வீட்டுல மொத்தம் நாலு பேரு. உலகு, அவ புருசன் சங்கரலிங்கம், மாமியா பேச்சியம்மா, கல்யாண வயசுல ஒரு மக, வடிவு. சங்கரலிங்கம் பால் சொசைட்டியில வேல பாத்தாரு. நல்ல மனுசன். ஆனா வாயத் தொறந்தா முத்து உதிர்ந்துரும்னு நெனப்பு. ஒரு நாளைக்கு எண்ணி பத்து வார்த்த பேசுனா பெருசு.

பேச்சியம்மா அந்த வீட்டுச் சமையலுக்கு ரெண்டு சட்டம் போட்டு வச்சிருந்தா. ஒண்ணு, சாமி படத்துக்கு முன்னால காட்டி, மொட்டை மாடியில காக்காக்கு ஒரு உருண்ட வைக்கிற வரைக்கும் யாரும் ஒரு சொட்டு கூட நாக்குல வச்சுப் பாக்கக் கூடாது. எச்சிலாப் போயிரும். இன்னொண்ணு, இலையில உக்காந்துக்கிட்டு சாப்பாட்டக் குத்தம் சொல்லக் கூடாது. சோறு பழிக்குமாம். நல்லாருந்தா கை கழுவிட்டு வந்து "நல்லாருந்துச்சு"ன்னு சொல்லலாம். இல்லன்னா வாய மூடிக்கிட்டுப் போயிரணும்.

அப்போ ருசி பாக்காம எப்படி உப்பு போடுவா? அதுக்குத்தாம்ட்டி மூக்கு. குழம்பு தளபுளன்னு கொதிக்கும். ஆவி வரும். உலகு முகத்த ஒரே ஒரு தடவ அந்தப் பக்கமாக் காட்டுவா. "ஒரு கல்லு உப்பு வேணும்"னு போடுவா. சொல்லி வச்ச மாதிரி சரியா இருக்கும். உப்புக்கு ஏது வாசம்னு என்னக் கேக்காத, போயி அவளக் கேளு. பக்கத்து வீட்டுல ரசம் வச்சா இங்க இருந்தே சத்தம் போடுவா, "மதினி, அடுப்ப அமத்துங்க, ரசம் முறியப் போகுது!" அந்த மதினியும் விழுந்தடிச்சு ஓடிப் போயி அமத்துவாவ.

இருபத்தி மூணு வருசம் அந்த வீட்டுல எல்லாரும் கை கழுவிட்டு வந்து நல்லாருந்துச்சுன்னாங்க. சங்கரலிங்கத்தோட பத்து வார்த்தையில அது ஒண்ணு. உலகு அதக் கேக்கத்தான் அடுப்படி வாசல்ல நிப்பா. கேட்டதுக்கு அப்புறம்தான் அவ இலை போடுவா. ம் கொட்டு.

"ம்."

அப்போ மார்கழி மாசம். தை பொறந்தா வடிவுக்குக் கல்யாணம். கல்யாணச் சாப்பாட்டுக்கு வெளிய இருந்து சமையல்காரங்க வருவாங்க, அது பிரச்சன இல்ல. ஆனா மறுநாள் சொதிச் சாப்பாடு இருக்கு. தேங்காப் பால்ல காய் போட்டு, பாசிப்பருப்பு போட்டு, வெள்ளையா மணக்க மணக்க வைப்பாங்களே, அந்தச் சொதி. அந்தக் குடும்பத்துல மாப்பிள்ள வீட்டுக்கு அத பொண்ணப் பெத்தவதான் தன் கையால வைக்கணும். அறுபது பேரு வருவாங்க. "பொண்ணு எப்படிப்பட்ட வீட்டுல இருந்து வந்திருக்கா"ன்னு அந்த ஒரு வாயிலதான் மாப்பிள்ள வீடு முடிவு பண்ணும். வடிவு போயி வாழப் போற வீடு. அதனால உலகுக்கு ரெண்டு வருசமா கனவுல கூட சொதிதான்.

அந்த நேரம் பாத்து வந்துச்சு காய்ச்சல். பத்து நாளு. ஹச்சு ஹச்சுன்னு தும்மல், கிடுகிடுன்னு நடுக்கம். வடிவு ஏதோ கஞ்சி வச்சு, மருந்து குடுத்து, ஒரு வழியா உலகு எந்திரிச்சு உக்காந்தா. "இன்னும் ஒரு மாசம் பத்தியம், வெறுங்கஞ்சிதான், உப்பு கூட சேக்கக் கூடாது"ன்னு வைத்தியர் சொல்லிட்டாரு. சரின்னு அடுப்படிக்குப் போனா. பெருங்காய டப்பாவத் தொறந்தா. ஒண்ணும் தெரியல.

மூடிட்டு மறுபடி தொறந்தா. மூக்க உள்ளயே விட்டுப் பாத்தா. பெருங்காயம்ட்டி! தெருக்கோடியில தொறந்தாலும் தெருவே மணக்கும். அவளுக்கு அது வெறும் மாவு. காப்பிப் பொடிய எடுத்தா, செம்மண்ணு. கருவேப்பிலையக் கசக்குனா, வெறும் பச்ச இலை. அப்படியே தரையில உக்காந்துட்டா.

யாருகிட்டயாவது சொல்லிருக்கலாம்ல? சொல்லல. சொன்னா சொதி வேற கைக்குப் போயிருமே. "மூக்கு இல்லாட்டி என்ன, கை இருக்கு. இருபத்தி மூணு வருசத்துக் கை"ன்னு தனக்குத் தானே சொல்லிக்கிட்டு எந்திரிச்சா.

மொத நாளு சாம்பார் வச்சா. உப்பு போட்டமா போடலையான்னு சந்தேகம். முன்னன்னா ஆவியில முகத்தக் காட்டிருப்பா. இப்போ எதக் காட்ட? இன்னொரு தடவ போட்டா. சாமிக்குக் காட்டிட்டு மாடியில ஒரு உருண்ட வச்சு, கா கான்னு கூப்பிட்டா. காக்கா விருட்டுனு வந்து டொக்குன்னு ஒரு கொத்து கொத்துச்சு. அலக செவத்துல சரக் சரக்குன்னு தொடச்சிட்டுப் பறந்து போச்சு. "பாவம், அதுக்கு வயிறு சரியில்ல போல"ன்னு நெனச்சா. கீழ வந்து பரிமாறுனா. சங்கரலிங்கம் கை கழுவிட்டு வந்து, நல்லாருந்துச்சுன்னாரு. அவளுக்கு உசிரு வந்துச்சு.

ரெண்டாம் நாளு பீன்ஸ் பொரியல் அடி பிடிச்சு, புகை கண்ண எரிக்கும்போதுதான் திரும்பிப் பாத்தா. மேல இருந்தத மட்டும் வழிச்சு எடுத்தா. காக்கா வந்துச்சு, சுத்திச் சுத்தி நடந்துச்சு, வாய வைக்கல. "வேற வீட்டுல தின்னுட்டு வந்திருக்கும்." கீழ மாமியாக்காரி, "ஏளா, இன்னும் ரெண்டு பீன்ஸு வையி"ங்கா. உலகுக்கு ஒரே பெருமை. பாத்தியா, கை போதும்னு நெனப்பு.

மூணாம் நாளு, முந்தின நாள் அரச்ச தேங்கா மிச்சம் இருந்துச்சு. அது ஊசிப் போச்சுன்னு அவளுக்கு எப்படித் தெரியும்? அதப் போட்டுக் கூட்டு வச்சுட்டா. மாடியில இந்தத் தடவ காக்கா தனியா வரல, நாலஞ்சக் கூட்டிக்கிட்டு வந்துச்சு. எல்லாம் வரிசையா உக்காந்து பாத்துச்சு. ஒண்ணு கான்னுச்சு. அம்புட்டும் படபடன்னு கெளம்பிப் போயிருச்சு. ம் எங்க? தூங்கிட்டியா?

"ம்… இல்ல. அப்புறம்?"

அப்புறமா? அப்பத்தான் அவளுக்குச் சுருக்குன்னுச்சு. கீழ இறங்கி வந்து எட்டிப் பாத்தா, சங்கரலிங்கம் அந்தக் கூட்டப் பெசஞ்சு பெசஞ்சு தின்னுக்கிட்டு இருக்காரு. "இன்னும் ஒரு கரண்டி"ங்காரு. வடிவு தண்ணியக் குடிச்சுக் குடிச்சு முழுங்குதா. காக்காக்கு ஆகாதது இவங்களுக்கு எப்படி ஆகுது?

அடுப்படிக்குப் போனா. பத்தியமாவது ஒண்ணாவதுன்னு ஒரு வெரல விட்டு நாக்குல வச்சா. வாசம் தெரியாட்டியும் நாக்கு செத்தா போச்சு? ஒரே புளிப்பு. நாக்குல பொசுபொசுன்னு நுரை. த்தூன்னு துப்புனா. தெனமும் சூடு பண்ணி மூடி வச்சிருந்த மத்த ரெண்டு நாளு மிச்சத்தயும் எடுத்து நாக்குல வச்சா, சாம்பார் வெறும் உப்பு, பொரியல் வெறும் கரி.

அவளுக்கு வந்துச்சு பாரு கோவம்! கரண்டியக் கையில பிடிச்சபடி மூணு பேரு முன்னாலயும் வந்து நின்னா. "இதத்தான் இன்னும் ஒரு கரண்டின்னு கேட்டு வாங்குனீங்களா?"

சங்கரலிங்கம் இலையப் பாத்தாரு.

பேச்சியம்மா, "காய்ச்சல்ல கெடந்து எந்திரிச்ச பொம்பளட்டி நீ. பாவம், உன்ன என்னத்தச் சொல்ல?"ன்னா.

"பாவமா? நான் பாவமா? கெட்டுப் போனதையும் நல்லாருந்துச்சுன்னா, இருபத்தி மூணு வருசமா நீங்க சொன்ன நல்லாருந்துச்சுல எது நெசம், எது பொய்? எனக்கு எப்படித் தெரியும்? நான் அந்த ஒரு வார்த்தைக்குத்தான அந்த வாசல்ல நின்னேன்!"

சொல்லிட்டு ஓன்னு அழுதா. அழுதுக்கிட்டே மூக்கு போன கதையையும் சொன்னா.

பேச்சியம்மாதான் மொதல்ல பேசுனா. "சொதிக்கும் அந்தச் சமையல்காரனையே சொல்லிருவோம்."

வடிவு, "எம்மா, வேணாம்மா. நீயே வையி. எப்படி இருந்தாலும் நான் பாத்துக்கிடுதேன்"ன்னா.

"எப்படி இருந்தாலும்னு சொல்லாதட்டி! அப்படிச் சொல்லித்தான் இப்போ இங்க வந்து நிக்கோம்"னா உலகு. முந்தானையால மூக்கச் சிந்திட்டு சங்கரலிங்கத்துப் பக்கம் திரும்புனா. "இங்கேருங்க. கல்யாணத்துக்குப் பன்னெண்டு நாளு இருக்கு. இன்னைல இருந்து நீங்கதான் எனக்கு மூக்கு. எறக்குறதுக்கு முன்னால மோந்து பாக்கணும், நாக்குல வச்சுப் பாக்கணும். இருக்கத இருக்கபடி சொல்லணும்."

"எச்சில் ஆயிருமே, சாமிக்கு?"ன்னு அவரு அம்மையப் பாத்தாரு.

பேச்சியம்மா சாமி படத்தப் பாத்தா. "மூணு நாளா இவ காட்டுன கண்றாவிய வாங்கிட்டு சாமியும்தான் ஒண்ணும் சொல்லல. அவரும் இந்த வீட்டு ஆம்பள ஆயிட்டாரு. நீ தின்னு பாருலே"ன்னுட்டா.

மறுநாளு ரசம். உலகு கரண்டிய நீட்டுனா. அவரு உறிஞ்சுனாரு. ரெண்டு கண்ணுலயும் தண்ணி. "நல்லாருக்கு"ன்னாரு. உலகு அவரு கண்ணப் பாத்தா. சட்டியத் தூக்குனா. சளார்! சாக்கடையில போச்சு. "அப்போ இன்னைக்கு எல்லாருக்கும் மோர்ச்சோறுதான்."

அதுக்கு மறுநாளு கூட்டு. "நல்லா… ருக்கு. கொஞ்சம்…"

"கொஞ்சம்?"

"ஒண்ணுமில்ல."

சளார்! அன்னைக்கும் மோர்ச்சோறு. "ஏலே, வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்க? எனக்கு மோரு குளிருதுலே!"ன்னு பேச்சியம்மா கத்துதா.

மூணாம் நாளு சாம்பார். அவரு வாயில விட்டாரு, முழுங்குனாரு. கைய வேட்டியில தொடச்சாரு. அவ மூஞ்சியப் பாத்தா சொல்ல வராதுன்னு அவரு செவத்தப் பாத்துத் திரும்பிக்கிட்டாரு. "உப்பு கூட"ன்னாரு. கொஞ்ச நேரம் பொறுத்து, "புளி பத்தல"ன்னாரு. அப்புறம் தொறந்த வாய் மூடல. "பருப்பு நறுக்கு நறுக்குங்குது. பெருங்காயம் பத்தல. பொறு, இன்னும் ஒண்ணு இருக்கு, அடியும் பிடிச்சிருக்கு."

உலகுக்கு எப்படி இருந்திருக்கும்? இருபத்தி மூணு வருசத்துல மொத தடவையா அவ சமையலக் குத்தம் சொல்லுதாரு. சுருக்குன்னு குத்துச்சு. பதிலுக்கு நாலு வார்த்த கேக்கணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு. பேசாமக் குனிஞ்சு, தண்ணி ஊத்தி, புளி கரைச்சு விட்டு, மறுபடி கரண்டிய நீட்டுனா. அன்னைக்கு ஏழு தடவ நீட்டுனா. ஏழாவது தடவதான் அவரு, "இப்ப எறக்கு"ன்னாரு. தூங்குதியா?

"ம்…"

சரி, சுருக்கா முடிக்கேன். கல்யாணம் நல்லபடியா நடந்துச்சு. டும் டும் பீப்பீ, எல்லாம் ஆச்சு. மறுநாளு விடிஞ்சா சொதி. நாப்பது தேங்கா. டக்கு டக்குன்னு ஒடைக்க ஒடைக்க சங்கரலிங்கம் ஒவ்வொரு மூடியா மோந்து பாத்து, சரி சரின்னு ஒதுக்குதாரு. தெருப் பொம்பளைங்க உக்காந்து கரகரன்னு துருவுதாங்க. அப்போ பாத்து வாசல்ல காரு வந்துச்சு. மாப்பிள்ள வீட்டுக்காரங்க சீக்கிரமே வந்துட்டாங்க. பொண்ணோட அப்பா போயி வாங்கன்னு சொல்லாம இருக்க முடியுமா? ஓடுனாரு. இங்க மிச்சம் இருந்த அஞ்சாறு தேங்காய அவசரத்துல அப்படியே ஒடச்சுத் துருவிட்டாங்க. பால் பிழிஞ்சாச்சு. தலப்பால், ரெண்டாம் பால், மூணாம் பால், மூணு அண்டாவுல ரொம்பி நிக்குது.

சங்கரலிங்கம் வந்தாரு. தலப்பால் மேல குனிஞ்சாரு. நிமிந்தாரு. மறுபடி குனிஞ்சாரு. ஒரு சொட்டு எடுத்து நாக்குல வச்சாரு. கூடத்துல இலை போடுத சத்தம் கேக்குது.

"உலகு, இது ஆகாது. சிக்கு வாடை அடிக்குது. ஏதோ கெட்ட தேங்கா விழுந்திருக்கு."

பொம்பளைங்க எல்லாம் குனிஞ்சு மோந்தாங்க. "எங்களுக்கு ஒண்ணும் தெரியலயே. புதுத் தேங்கா வாடைதான்!" "இஞ்சியக் கூடத் தட்டிப் போட்டா அமுங்கிரும் மதினி!" "அறுபது பேரு உக்காரப் போறாங்க, இப்போ போயி கொட்டவா?" பேச்சியம்மாவும் வந்து மோந்தா. அவ மூக்குப்பொடி போடுத மூக்கு, அதுக்கு என்ன தெரியும்? "சம்பந்தி வீட்டுக்காரன் மணி பாக்கான்லே. ஆகும்னு சொல்லு"ன்னா.

"ஆகாதும்மா"ன்னாரு சங்கரலிங்கம். அவ்வளவுதான் அவரு சொன்னது.

உலகு அந்தப் பாலப் பாத்தா. வெள்ள வெளேர்னு, அழகா இருக்கு. குனிஞ்சு மூச்ச இழுத்தா. ஒண்ணுமே இல்ல. அத்தன பேரு நல்லாருக்குங்காங்க, ஒரே ஒருத்தர் ஆகாதுங்காரு. அந்த ஒருத்தர்தான் ஊசுன கூட்டயும் இன்னொரு கரண்டி கேட்டு வாங்குன மனுசன். இப்போ யார நம்ப? கொட்டுனா இலையில உக்காந்தவங்க எந்திரிச்சுப் போனாலும் போயிருவாங்க. வடிவு காலத்துக்கும் பேச்சு கேக்கணும். கொட்டாட்டி, இவரு சொன்னது நெசமா இருந்தா, அதுக்கும் வடிவுதான் பேச்சு கேக்கணும்.

அவரு மூஞ்சியப் பாத்தா. அன்னைக்கு அவரு செவத்தப் பாத்துத் திரும்பல. அவளயேதான் பாத்துக்கிட்டு நின்னாரு.

"கொட்டுங்க"ன்னா உலகு.

சளார்! சளார்! சளார்! மூணு அண்டாவும் போச்சு. பேச்சியம்மா நெஞ்சுல கை வச்சு உக்காந்துட்டா. சங்கரலிங்கம் துண்ட இடுப்புல கட்டிக்கிட்டு நேரா கூடத்துக்குப் போனாரு. இலைக்கு முன்னால உக்காந்திருந்த அறுபது பேரையும் கும்பிட்டு, "தேங்கா கெட்டுப் போச்சு. மறுபடி பால் எடுக்காங்க. ஒரு மணி நேரம் ஆகும், பொறுத்துக்கிடணும்"னாரு. அவரு அன்னைக்குப் பேசுனதுலேயே பெரிய பேச்சு அதுதான். சம்பந்தி மொறச்சாரு. சம்பந்தியம்மா வடிவப் பாத்து என்னமோ முணுமுணுத்தா. வடிவு தலையக் குனிஞ்சுக்கிட்டா.

தெருவுல இருக்க வீட்டுல இருந்தெல்லாம் தேங்கா வந்துச்சு. இந்த வீட்டுல ரெண்டு, அந்த வீட்டுல மூணு, யாரு வீட்டுலயோ சாமிக்கு வச்சிருந்தது ஒண்ணு. சங்கரலிங்கம் ஒண்ணு விடாம மோந்தாரு. மூணு தேங்காயத் தூக்கித் தூர எறிஞ்சாரு. அப்புறம் மூணாம் பால்ல காய் வெந்துச்சு, ரெண்டாம் பால் கொதிச்சுது, தலப்பால ஊத்தி நுரை கூடுறதுக்கு முன்னால எறக்குனாங்க. எறக்குறதுக்குள்ள உலகு அஞ்சு தடவ கரண்டிய நீட்டிட்டா. ஆறாவதுக்குத்தான் அவரு சரின்னு தலைய ஆட்டுனாரு.

பந்தி நடந்துச்சு. பசியில யாரும் பேசல, சர்ரு சர்ருன்னு உறிஞ்சுத சத்தம்தான். சம்பந்தி மூணு தடவ சொதி வாங்கினாரு. வடிவோட மாமியாக்காரி கை கழுவிட்டு வந்து, "தப்புன்னு தெரிஞ்சதும் அத்தன பாலையும் கொட்டுனியளே, இப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளையக் கண்ண மூடிக்கிட்டுக் கூட்டிட்டுப் போலாம்"னு சொல்லி வடிவு கன்னத்தத் தடவிக் குடுத்தா. வடிவு சிரிச்சா. அவ தலை நிமிந்தது அப்பத்தான்.

எல்லாம் முடிஞ்சு கடைசிப் பந்தியில சங்கரலிங்கம் உக்காந்தாரு. உலகு கரண்டியோட எதிர்ல நின்னா. அவகிட்ட ஊரே நல்லாருந்துச்சுன்னு சொல்லியாச்சு. அவ எதையும் நம்பல. கல்யாண வீட்டுல எல்லாரும் அப்படித்தான சொல்லுவாங்க?

அவரு சோத்தப் பெசஞ்சாரு. ஒரு வாய் எடுத்தாரு. இஞ்சிப் பச்சடியத் தொட்டுக்கிட்டாரு. மென்னு முழுங்கிட்டு, இலையில உக்காந்தபடியே, கை கூடக் கழுவாம, பேச்சியம்மா பாத்துக்கிட்டு இருக்கும்போதே நிமிந்து சொன்னாரு.

"பச்சடியில உப்பு ஒரு கல்லு கம்மி. சொதி நல்லாருக்கு, உலகு."

உலகு கரண்டியக் கீழ வச்சா. சேலத் தலப்ப எடுத்து மூஞ்சிய மூடிக்கிட்டா. அழுதாளோ சிரிச்சாளோ, அவளுக்கே தெரியல. பச்சடியில உப்பு கம்மின்னு சொன்னாருல்ல, அதனாலதான் சொதி நல்லாருக்குன்னதும் நெசம்னு அவளுக்குத் தெரிஞ்சுது. அவளும் இன்னொரு இலையப் போட்டு அவரு பக்கத்துல உக்காந்து, பத்தியத்த ஓரமா வச்சுட்டு, ஒரு கை சொதிச்சோறு தின்னா.

மூக்கு திரும்பி வந்துச்சான்னு கேக்கப் போற. கேக்கலயா? ஏட்டி?

…

ம் நின்னு போச்சு. சரி, பந்தி எந்திரிச்சாச்சு, கதையும் கை கழுவியாச்சு. தூங்கு.